குழாய் கட்டுறவன் கருத்து

சினிமாப் பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் எல்லாருக்கும் உண்டு, எனக்கு மட்டும் இல்லை. நான் மைக்செட் வைத்திருக்கிறேன். காசு கொடுத்தால் எந்தப் பாட்டையும் போடுகிறவனுக்கு எதுக்குக் கருத்து என்பது என் அக்கா மகனின் கட்சி. "நீ போஸ்ட்மேன் மாமா. லெட்டர் நல்லாருக்கு, நல்லால்லைன்னு போஸ்ட்மேன் சொல்லலாமா?" என்பான். சரிதான். ஆனால் அந்த லெட்டரையெல்லாம் இருபத்தேழு வருஷமாக ஊருக்கே சத்தம் போட்டுப் படித்துக் காட்டுகிற போஸ்ட்மேன் நான். போகிற காது என்னுடையது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான். என்னுடைய முதல் ஆம்ப்ளிஃபயர் அதைவிட மூத்தது. தலையில் ஒரு தட்டுத் தட்டினால் இன்னும் வேலை செய்கிறது. மாவட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கதி 2024 ஏப்ரல் 14ஆம் தேதி ஆரம்பித்தது. அன்றைக்குத் தமிழ்ப் புத்தாண்டு. எங்கள் தெருவில் அதைவிடப் பெரிசாக அம்பேத்கர் பிறந்தநாள். போதாக்குறைக்கு நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு ஐந்தே நாள்தான் பாக்கி. மூன்று கட்சிப் பிரசார ஆட்டோவுக்கும் நான்தான் செட். காலையில் "இவரை விட்டால் நாதியில்லை" என்று கத்திய அதே ஆம்ப்ளிஃபயர் மத்தியானம் "இவர் வந்தால் நாசம்" என்று கத்தும். அதற்காக அது மனசு உறுத்தி ஃபியூஸ் போனதாக ஒரு தடவைகூடச் சரித்திரம் இல்லை.

இந்த நெரிசலில் அக்கா மகன் வந்து நின்றான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். முன்கண்ணாடியில் விஜய் படம் போக மிச்சமிருக்கிற இடத்தில் அவனுக்கு ரோடு தெரியும்.

"மாமா, சாயங்காலம் கோட் படத்தோட ஃபர்ஸ்ட் சிங்கிள் வருது. தெருமுனைக்கு ரெண்டு குழாய் வேணும்."

"கோட்டுன்னா ஆடுதானேடா?" என்று டீக்கடை அண்ணன் பாய்லருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"ஆடு இல்ல பெரிப்பா. தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம். எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆளு."

"அதுக்கு ஆடே தேவலை."

டீக்கடை அண்ணனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய நாட்காட்டி 1992இல் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் இளையராஜா, அதற்குப் பின்னால் சத்தம். ரஹ்மானையே அவர் "இப்ப வந்த பையன்" என்றுதான் சொல்வார். அனிருத் என்றால் டீயில் சர்க்கரை குறையும்.

அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டு, பேச்செல்லாம் முடிந்து, பெரியவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு தெருமுனைக் குழாயை அந்த ஃபர்ஸ்ட் சிங்கிளுக்கு, விசில் போடு பாட்டுக்கு, ஒதுக்கினேன். அக்கா மகன் போனிலிருந்து ஒயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். முப்பது பேர் வட்டமாக நின்றார்கள். ஒருத்தன் கற்பூரம் வைத்திருந்தான். பாட்டு வந்தது. கூடவே விசில் வந்தது. குழாய் வழியாக விசில் போனால் என்ன ஆகும் என்று அந்தப் பாட்டை எடுத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். தெருவில் இருந்த மூன்று நாயும் தலையை மேலே தூக்கி ஊளையிட ஆரம்பித்தன. அக்கா மகன் கண் கலங்கிவிட்டான். "பாத்தியா மாமா, அதுங்களுக்கே பிடிச்சிருக்கு."

இந்த இடத்தில் தொழில் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். குழாய் ஸ்பீக்கருக்கு நடுச்சத்தம்தான் தெரியும். மனுஷக் குரல், நாதஸ்வரம், புல்லாங்குழல் எல்லாம் அதில் கிலோமீட்டர் கணக்கில் போகும். அடியில் தும் தும் என்று நெஞ்சை உதைக்கிற சத்தம் குழாய்க்கு எட்டாது. இப்போது வருகிற பாட்டில் பாதி அந்த உதை. காதுக்குள் சொருகிக் கேட்பவனுக்காகவும் கல்யாண மண்டபத்துப் பெட்டி ஸ்பீக்கருக்காகவும் செய்கிற பாட்டு அது. அதைக் குழாயில் போட்டால் எலும்பு போன கறிக்குழம்பு மாதிரி இருக்கும். டீக்கடை அண்ணனின் ராஜா பாட்டு இன்றைக்கும் குழாயில் கேட்க நன்றாக இருப்பதற்கு ராஜா ஒரு காரணம், குழாய் இன்னொரு காரணம். இதைச் சொன்னால் அவர் எனக்கு டீ கொடுக்க மாட்டார் என்பதால் இதுவரை சொன்னதில்லை.

அன்று ராத்திரியே ஊர் நாலாகப் பிரிந்தது.

அக்கா மகன் கட்சிக்குப் பாட்டு பிரமாதம். ஒரே பாட்டில் விஜய், பிரபுதேவா, பிரசாந்த், அஜ்மல் நாலு பேரும் ஆடுகிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்? ரீசார்ஜ் கடைக்காரர் இன்னொரு கட்சி. யுவன் பக்தர். கல்லாவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் யுவன் படம் இருக்கும், பூ யுவனுக்குத்தான் முதலில். அவருக்கு மனசு உடைந்துவிட்டது. விஜய்க்கு யுவன் கடைசியாக இசையமைத்தது 2003இல் வந்த புதிய கீதை. இருபத்தோரு வருஷம் காத்திருந்து கிடைத்த ஜோடிக்கு இதுவா பாட்டு என்று கடையைச் சாத்திவிட்டு வந்து புலம்பினார். குற்றத்தை மட்டும் யுவன்மேல் வைக்க மறுத்துவிட்டார். "அவர் நல்லாத்தான் போட்டிருப்பாரு. கேட்டு வாங்கினவங்க சரியில்ல." நல்ல சமையல்காரர், சாப்பிடுகிறவன் நாக்குச் சரியில்லை என்பது மாதிரி.

மூன்றாவது கட்சி அனிருத் ஆட்கள். அவர்கள் பாட்டைக் கேட்கவே இல்லை. கேட்காமலே "அனிருத் போட்டிருந்தா தெறிச்சிருக்கும்" என்றார்கள். நாலாவது கட்சியில் டீக்கடை அண்ணன் ஒருத்தர்தான். அவர் தேர்தலைப் புறக்கணித்தார்.

பாட்டை எழுதியவர் மதன் கார்க்கி. ஷாம்பெய்னைத் திறப்பதா, கேம்பெய்னைத் தொடங்குவதா என்று காதுக்கு இரண்டும் ஒன்றாக விழுகிற மாதிரி ஒரு வேலை செய்திருந்தார். விஜய் கட்சி தொடங்கி இரண்டரை மாசம்கூட ஆகாத நேரம். அக்கா மகனுக்கு அது கேம்பெய்ன். எதிர்க்கட்சிக்கு அது ஷாம்பெய்ன். இரண்டையும் வாழ்க்கையில் பார்த்திராத முப்பது பேர் இரண்டுக்காகவும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சண்டை போட்டார்கள். பாட்டில் மைக் பற்றியும் பேச்சு வருகிறது. எனக்கு அந்த ஒரு இடம் பிடித்திருந்தது. தொழில் பாசம்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் என் போன் இல்லை. என் மனைவி போனும் இல்லை. அக்கா மகன் ஆட்டோ பின்சீட்டில் நாலு போனை வரிசையாகச் சாய்த்து வைத்து, நாலிலும் அதே பாட்டை ஓடவிட்டிருந்தான். நாலிலும் சத்தம் சுத்தமாக அணைத்திருந்தது.

"என்னடா இது?"

"வியூஸ் மாமா. இருபத்திநாலு மணி நேர ரெக்கார்டு."

"சத்தத்தை ஏன்டா அணைச்சே?"

"சவாரி ஏறுறவங்க திட்டுறாங்க."

காதில் வாங்காமல் ஒரு பாட்டை நானூறு தடவை கேட்ட மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன். என் மனைவியின் ஒன்றரை ஜிபி மத்தியானத்துக்குள் தீர்ந்துபோய், ராத்திரி அவள் பார்க்கிற சீரியல் பாதியில் சுற்றிக்கொண்டே நின்றது. கட்சிக் கணக்கில் ஐந்தாவதாக அவள் சேர்ந்தாள். அவளுடைய விமர்சனத்தை அச்சில் போட முடியாது.

இரண்டு மூன்று நாள் கழித்து யுவனின் இன்ஸ்டாகிராம் கணக்கைக் காணோம் என்று ரீசார்ஜ் கடைக்காரர் ஓடிவந்தார். முகம் வெளிறிவிட்டது. "திட்டித் திட்டியே தொரத்திட்டீங்கடா பாவிங்களா!" என்று அனிருத் கட்சியைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் நிஜமாகவே பயந்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி டீக்கடையில் நாம் சொன்னது மெட்ராஸில் அவர் காதுக்கு எப்படிப் போச்சு என்று ஒருத்தன் மெல்லக் கேட்டான். அப்புறம் யுவனே அது தொழில்நுட்பக் கோளாறு என்று சொன்னதும்தான் ரீசார்ஜ் கடையில் ரீசார்ஜ் மறுபடி ஆரம்பித்தது.

அக்கா மகனின் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. எந்தப் பாட்டை எவன் குறை சொன்னாலும், வாதத்தில் தோற்றுப்போகிற நேரத்தில் அதை எடுப்பான். "ஸ்லோ பாய்சன் மாமா. கேக்கக் கேக்கத்தான் ஏறும்." தமிழ்நாடு பூராவும் ரசிகர்கள் சொல்கிற வார்த்தைதான். கேட்டவுடனே பிடிக்காத பாட்டெல்லாம் அவர்களுக்கு மெல்லக் கொல்லும் விஷம். அந்த ஏப்ரலில் எங்கள் தெருவில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்த வார்த்தை காதில் விழும். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

*

முன்பெல்லாம் இந்த வம்பு இல்லை. நான் தொழில் பழகியது ஒரு ரெக்கார்டிங் சென்டரில். அறுபது நிமிஷ கேசட், தொண்ணூறு நிமிஷ கேசட். ஆட்கள் நோட்டுப் பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். தொண்ணூறு கேசட்டுக்கு ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். பத்தாவது பாட்டின் கடைசிச் சரணம் நிற்காது. "பரவால்ல, அதுவரைக்கும் போடு" என்பார்கள். அந்தக் காலத்துக் கள்ளக்குறிச்சிக்காரர்களில் பலருக்கு நிறையப் பாட்டு முக்கால்வாசிதான் தெரியும். புதுப் படக் கேசட் வந்தால் எல்லாப் பாட்டும் ஒரே நாளில் வந்து விழும். எதை முதலில் கேட்பது என்பதை ஏ சைடா பி சைடா என்று கேசட்டைப் போடுகிறவன் முடிவு செய்வான். எந்தப் பாட்டை முதல் சிங்கிளாக விட்டிருக்க வேண்டும் என்று யாரும் யாரையும் அடித்துக்கொண்டதில்லை.

இப்போது பாட்டை வெளியிடுவதற்கு முன்னால் பாட்டின் துண்டை விடுகிறார்கள். துண்டுக்கு முன்னால் துண்டு வருகிற தேதியை விடுகிறார்கள். தேதி வருகிறது என்பதற்கு ஒரு தேதி. கலைஞர் வீட்டுத் திருமணத்துக்குக்கூட இத்தனை பத்திரிகை அடித்திருக்க மாட்டார்கள். இதில் ஒவ்வொரு படிக்கும் எங்கள் ஆட்களுக்குத் தனித்தனிக் கருத்து. "குத்துப்பாட்டை மொதல்ல விட்டிருக்கக் கூடாது மாமா. மெலடியை விட்டு, ஆறப்போட்டு, அப்புறம் குத்து." ஆட்டோ டியூ இரண்டு மாசம் பாக்கி வைத்திருக்கிறவன், ஆடியோ உரிமையை வாங்கிய டி-சீரிஸ் கம்பெனிக்குப் போட்ட பணம் திரும்புமா என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறான். ஒருநாள் கேட்டேவிட்டேன், உனக்கு அதில் எத்தனை பங்கு என்று. "பாசம்தான் மாமா பங்கு" என்றான். அந்தப் பங்குக்கு லாபம் எப்போதும் கம்பெனிக்குப் போகிறது, நஷ்டம் மட்டும் இவனுக்கு வருகிறது.

முதன்முதலில் இந்தப் புத்தி ஊருக்கு வந்தது 2011 நவம்பர் 16 அன்று வெளியான ஒய் திஸ் கொலவெறி பாட்டோடு என்பது என் கணிப்பு. அப்போது நான் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு படத்தின் ஒரே பாட்டை மட்டும் கேட்டு யாரும் வந்ததில்லை. அந்த வாரம் ஐம்பது பேர் அந்த ஒன்றுக்காக மட்டும் வந்தார்கள். பாதிப் பேர் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று திட்டிக்கொண்டே ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தை மாசம் ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் அதையே திரும்பத் திரும்பக் கேட்க, பெண்ணின் அப்பா மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, காதல்ல தோத்தவன் பாடுற பாட்டாமே. என் பொண்ணு கல்யாணத்துல எதுக்குப்பா?" அவர் சொன்னது நியாயம். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தது அட்வான்ஸ். நான் அட்வான்ஸ் பக்கம் நின்றேன். 2012 மார்ச் 30 அன்று '3' படம் வந்தபோது, அந்தப் பாட்டை நம்பிக் குடும்பத்தோடு போன அதே சிநேகிதர்கள் தியேட்டரிலிருந்து சாவு வீட்டிலிருந்து வருகிற மாதிரி வந்தார்கள். படம் அப்படிப்பட்ட படம். பாட்டு கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு ஓடிவிட்டது.

இந்த விளம்பரச் சண்டையில் எனக்குப் பிடித்த ஆள் மலைத் தம்பி. கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி அவன் ஊர். கீழே கல்லூரியில் படித்துக்கொண்டு சாயங்காலம் ரீசார்ஜ் கடையில் வேலை பார்க்கிறான். அவன் ஊரில் டவர் கிடைக்கிற இடம் ஒரு பாறைதானாம். அதன்மேல் ஒரே நேரத்தில் நாலு பேர்தான் நிற்கலாம். ஐந்தாவது ஆள் ஏறினால் யாராவது ஒருத்தர் அத்தையிடம் பேசுவதை நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். அந்தப் பாறையில் நின்று வீடியோ பார்க்க முடியாது. அதனால் இவன் வாரக் கடைசியில் போனில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு பஸ் ஏறுவான். "எங்க ஊருக்கு ரிலீஸ் தேதி சனிக்கிழமைதாண்ணே. பஸ் பஞ்சரானா ஞாயித்துக்கிழமை." படத்தின் நாலு சிங்கிளும் எந்த வரிசையில் வரவேண்டும் என்று இங்கே ரத்தம் கொதிக்கும்போது, மேலே அவன் எந்த வரிசையில் போடுகிறானோ அதுதான் வரிசை. கம்பெனிக்குத் தெரியாமல் கம்பெனியின் மலைப்பகுதி மேனேஜர்.

ஆடியோ லாஞ்ச் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழைய காயம் உண்டு. 2023 செப்டம்பர் 30 அன்று நேரு உள்விளையாட்டரங்கில் லியோ பட விழா நடப்பதாக இருந்தது. அக்கா மகனும் பன்னிரண்டு பேரும் வேன் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். பாஸ் இருக்கா என்று கேட்டேன். "அங்க போய்ப் பாத்துக்கலாம் மாமா" என்றான். இந்த 'அங்க போய்ப் பாத்துக்கலாம்' கூட்டம் தமிழ்நாடு பூராவும் இருந்திருக்கிறது போல. பாஸ் கேட்டு நெருக்கடி தாங்க முடியவில்லை, பாதுகாப்புப் பிரச்சினை என்று சொல்லித் தயாரிப்பாளர்கள் விழாவையே ரத்து செய்துவிட்டார்கள். வேன்காரர் அட்வான்ஸைத் திருப்ப மாட்டேன் என்றார். கடைசியில் அந்த வேனிலேயே மேகம் அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். கட்சிக்கொடி மாதிரி ரசிகர் மன்றத் துண்டு கட்டிய வேன் மலைப்பாதையில் ஏறுவதைப் பார்த்து, மேலே ஏதோ படப்பிடிப்பு என்று நாலு பைக் பின்னாலேயே போனதாகக் கேள்வி. கோட் படத்துக்கு விழாவே வைக்கவில்லை. வேன்காரருக்குத்தான் ஏமாற்றம்.

*

ஜூன் 22 விஜய்க்கு ஐம்பதாவது பிறந்தநாள். படத்தின் இரண்டாவது சிங்கிள் அன்றைக்குத்தான். அக்கா மகன் மே மாசக் கடைசியிலேயே வந்து இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வைத்தான். ஐம்பது வயசுக்கு ஐம்பது குழாய். என்னிடம் இருந்தது பதினாலு. மிச்சத்தைச் சின்னசேலத்திலும் தியாகதுருகத்திலும் சொல்லிவைத்தேன். ஐம்பது குழாயும் ஒரே தெருவில் கத்தினால் கோமுகி அணையில் மீன் மேலே வரும் என்றேன். "வரட்டும் மாமா, அதுவும் ஒரு வியூ" என்றான்.

ஜூன் 18 ராத்திரியிலிருந்து எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாடே சொன்னது. மெத்தனால் கலந்த சாராயம். மாவட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர். எங்கள் தெருவிலேயே எத்தனையோ வீடு. மைக்செட்டோடு சேர், பந்தல், லைட் வாடகைக்கு விடுவதும் என் தொழில். என்னிடம் இருந்தது நூற்றிருபது சேர். பத்தவில்லை. ஒரு வீட்டு வாசலிலிருந்து எடுத்து அடுத்த வீட்டு வாசலில் போட்டோம். அக்கா மகன் ஆட்டோ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. முன்கண்ணாடிப் படத்தை யாரோ கிழித்திருந்தார்கள். யார் என்று கேட்டேன். "நான்தான். ரோடு தெரியல" என்றான்.

20ஆம் தேதி சாயங்காலம் விஜய் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு வந்தார். எட்டாவது படிக்கிற காலத்திலிருந்து இவன் அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று தவம் கிடந்தவன். ஆள் அங்கேதான், உள்ளே படுத்திருந்த ஒரு சித்தப்பாவுக்கு மோர் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். பார்த்தானாம். போனை எடுக்கவில்லையாம். ராத்திரி சேர் அடுக்கும்போது அதை மட்டும் சொன்னான்.

பிறந்தநாள் கொண்டாட்டம் வேண்டாம் என்று அவர் தரப்பிலிருந்தே சொல்லிவிட்டார்கள். ஐம்பது குழாயும் கொட்டகையிலேயே கிடந்தன. பாட்டு மட்டும் சொன்னபடி 22ஆம் தேதி வந்தது. சின்ன சின்ன கண்கள். கபிலன் வைரமுத்து எழுதி, விஜயும் பவதாரிணியும் பாடியது. பவதாரிணி அந்த ஜனவரி 25ஆம் தேதியே இலங்கையில் இறந்துபோயிருந்தார். அவர் குரலைக் கம்ப்யூட்டரில் செயற்கை நுண்ணறிவு வைத்து மறுபடி உண்டாக்கிப் பாடவைத்திருந்தார்கள். தன் அக்காவான அவருக்கு உடம்பு சரியானதும் பாடவைக்கலாம் என்று பெங்களூரில் மெட்டுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் சாவுச் செய்தி வந்ததாக யுவன் எழுதியிருந்தார்.

என் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ரீசார்ஜ் கடைக்காரர், மலைத் தம்பி, டீக்கடை அண்ணன், அக்கா மகன். ஒரே போன். சத்தம் குறைவாக. பாட்டு முடிந்ததும் யாரும் பேசவில்லை. அப்புறம் டீக்கடை அண்ணன்தான் ஆரம்பித்தார். "தேசிய விருது வாங்கின புள்ளைடா. பாரதி படத்துக்கு. மெஷின வெச்சுப் பாடவெக்கறது தப்பு."

"அவங்க தம்பிதானே பெரிப்பா வெச்சாரு?" என்றார் ரீசார்ஜ் கடைக்காரர்.

"தம்பின்னா? கேட்டாங்களா அந்தப் புள்ளைய?"

"ஜனவரியில ரஹ்மான்கூடத்தான் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரலைப் பாடவெச்சாரு. குடும்பத்துல அனுமதி கேட்டு, காசு குடுத்துத்தான் செஞ்சாராம்."

"இப்ப வந்த பையன் செஞ்சா சரின்னு ஆயிடுமா?"

குரல் கொஞ்சம் ஏறியது. மலைத் தம்பி இடையில் புகுந்து, குரல் அவ்வளவு ஒட்டவில்லை என்றான். ரீசார்ஜ் கடைக்காரருக்குக் கோபம் வந்தது. நாலு நாளுக்கு அப்புறம் எங்கள் தெருவில் அழுகை இல்லாத சத்தமாகக் கேட்டது இதுதான். ஷட்டரை நான் மேலே தூக்கவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. அந்த நேரம் வாடகை விளக்கைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டு ஆயா குனிந்து உள்ளே பார்த்தார்.

"செத்துப்போன பொண்ணா பாடுது?"

"ஆமா ஆயா."

"இன்னொருவாட்டி போடு."

போட்டோம். நின்றுகொண்டே கேட்டார். விளக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

*

ஆகஸ்ட் 3ஆம் தேதி மூன்றாவது சிங்கிள், ஸ்பார்க், வந்தபோது ஊர் பழைய குரலுக்கு வந்திருந்தது. வயசைக் குறைத்துக் காட்டிய விஜய் முகம் ஒட்டவில்லை என்று அனிருத் கட்சி ஒரே ஆட்டம். பாட்டு எழுதியவர் கங்கை அமரன் என்று தெரிந்ததும் டீக்கடை அண்ணன் முதன்முறையாக ஒரு புதுப் பாட்டை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார். ரீசார்ஜ் கடைக்காரர் தனியாக நின்று எல்லார் அடியையும் வாங்கினார்.

அக்கா மகனைப் பார்த்தேன். வாதத்தில் தோற்றுக்கொண்டிருந்தான். கடைசி ஆயுதத்தை எடுக்கிற நேரம். வாயைத் திறந்தான். "ஸ்லோ..." என்றான். நிறுத்தினான். எல்லாரும் டீயைப் பார்த்தார்கள். டீயில் பார்க்க ஒன்றுமில்லை.

"புதுச் செருப்பு மாதிரி" என்றான். "மொதல்ல கடிக்கும். போட்டு நடந்தா சரியாயிடும்."

அப்போதிலிருந்து எங்கள் தெருவில் அதுதான் வார்த்தை. வெளியூர் ஆள் வந்து பழைய வார்த்தையைச் சொன்னாலும் இங்கே யாரும் திருத்துவதில்லை, திருப்பிச் சொல்வதும் இல்லை. செப்டம்பர் 5ஆம் தேதி படம் வந்தது. விசில் போடு பாட்டுக்குத் தியேட்டரே ஆடியது என்று அக்கா மகன் வந்து மார்தட்டினான். "சொன்னேன்ல? செருப்பு பழகிடுச்சு." ஆனால் ஷாம்பெய்னோ கேம்பெய்னோ, அந்தப் பாட்டைத் தெருமுனைக் குழாயில் போடச் சொல்லி அவன் அதற்கப்புறம் கேட்கவில்லை.

என் பென் டிரைவில் சாமி, கல்யாணம், காதுகுத்து, கட்சி, சாவு என்று ஐந்து ஃபோல்டர் உண்டு. கட்சிக்குள் மட்டும் உட்பிரிவு. சின்ன சின்ன கண்கள் எதில் போகும் என்று இன்னும் முடிவாகவில்லை. குடும்பப் பாட்டு, காதுகுத்தில் போடு என்கிறாள் என் மனைவி. செட் வேலைக்கு வருகிற பையன் ஒருநாள் சாவில் போட்டுவிட்டான். எடுத்து வெளியே போட்டேன். எந்த ஃபோல்டரிலும் இல்லாமல் தனியாகக் கிடக்கிறது. அதனால் பென் டிரைவைச் சொருகியதும் சில சமயம் அதுதான் முதலில் பாட ஆரம்பிக்கும்.

போன டிசம்பரில் புது வம்பு. ஜனநாயகன் படத்து ஆடியோ லாஞ்ச் 2025 டிசம்பர் 27 அன்று மலேசியாவில், கோலாலம்பூர் புக்கிட் ஜலில் மைதானத்தில். நேரு ஸ்டேடியத்துக்கே பாஸ் இல்லாமல் கிளம்பிய கூட்டம் அசந்துபோய் உட்கார்ந்தது. எங்கள் ஊரிலிருந்து எங்கே போனாலும் ஒன்று சேலம் வழி, இல்லாவிட்டால் உளுந்தூர்பேட்டை வழி. "மலேசியாவுக்கு எந்த வழி மாமா?" என்றான் அக்கா மகன். நான் வாய் திறப்பதற்குள் டீக்கடை அண்ணன், "மொதல்ல என் கடைப் பாக்கி வழியா போ" என்றார்.

அன்று ராத்திரி கடை சாத்துகிற நேரத்துக்கு வந்தான்.

"அங்க போக முடியாதவங்களுக்கு இங்க ஒண்ணு வெக்கலாம்னு இருக்கோம். டீக்கடை வாசல்லயே. பெருசா இல்ல. அந்தப் பழைய அட்வான்ஸ் இருக்கில்ல மாமா? அம்பது குழாய்க்குக் குடுத்தது."

மறந்துவிட்டேன் என்பதுபோல நோட்டை எடுத்துப் புரட்டினேன். 2024 ஜூன் பக்கம் வந்தது. 22ஆம் தேதிக்கு நேராக 'குழாய் 50, அட்வான்ஸ் 2000' என்று என் கையெழுத்து. அதற்கு மேலே 19, 20, 21. சேர் 10, சேர் 15, லைட் 2, சேர் 10, பந்தல், சேர் 8. பக்கம் முழுக்க வீட்டு அடையாளம் எழுதியிருந்தது. தொகை எழுதுகிற கட்டம் எதிலும் ஒன்றும் எழுதவில்லை.

அவனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு குழாய் போதும் மாமா" என்றான்.

"ஜனநாயகன் கச்சேரிப் பாட்டு வந்து ஒன்றரை மாசம் ஆச்சே. எப்படி இருக்கு?"

கால் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"இன்னும் கொஞ்சம் கடிக்குது."